நீலம் கொதிக்கும் இடம்

கலர் பென்சில் கூடாது என்று சொன்னவளே அவள்தான். விதி அப்படி. விடைத்தாளில் நீல மை, கறுப்பு மை, படம் போடப் பென்சில், அவ்வளவுதான். சிவப்பு திருத்துகிறவர்களுக்குச் சொந்தம். பச்சை யாருக்குச் சொந்தமென்று யாருக்கும் தெரியாது, அதனால் அதுவும் கூடாது. “மேம், மூணாங் கேள்விக்கு மட்டும் மேம், ஒரே ஒரு படம்,” என்று நடு வரிசையிலிருந்து இசக்கிராஜா ஒரு பென்சில் டப்பாவைத் தூக்கிக் காட்டியபோது, உலகம்மாள் கண்காணிப்பாளருக்கு உரிய முகத்தை வரவழைத்துக்கொண்டு “உள்ள வை” என்றாள். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் கூட வந்தது, மறைப்பானேன். பாருங்கள், நிறமில்லாமல் இந்தப் பையனால் மண்ணை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் இவன் மண்ணியல் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவன். மழைக்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி வந்து மேசைகளின் மேல் கிடந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. மூன்றாம் ஆண்டு சிவில், மண் இயக்கவியல், இரண்டாம் உள்தேர்வு. கதவோரம் குவித்த மழைக்கோட்டுகளிலிருந்து ரப்பர் வாடை. வேலைக்குச் சேர்ந்து இது அவளுக்கு இரண்டாவது மழை. உலகம்மாள் என்ற பெயரைப் பிள்ளைகள் ‘வேர்ல்டு மேம்’ ஆக்கியிருந்தார்கள், அவள் காதில் விழாது என்ற நம்பிக்கையில். விழுந்தது, பிடித்தும் இருந்தது, தென்காசியில் அம்மன் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் முழுக்கக் கேலி வாங்கினவளுக்கு இது ஒரு பதவி உயர்வு.

வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். கண்காணிப்பு என்பது இப்படி நடப்பதுதான், செருப்புச் சத்தம் கேட்காமல், யார் தாளையும் பார்க்காத மாதிரி எல்லார் தாளையும் பார்த்துக்கொண்டு. சங்கரலிங்கம் சார் இந்த வேலையை எப்போதும் அவள் தலையில்தான் கட்டுவார். துறைத்தலைவர், கட்டலாம். ஆண்களெல்லாம் சைட்டுக்குப் போய்விடுவார்கள், ஏதோ ஒரு பாலம், ஏதோ ஒரு அடித்தளச் சோதனை, திரும்பி வரும்போது பூட்ஸில் சேறும் முகத்தில் ஒரு பெரிய மனுஷத்தனமும் ஒட்டியிருக்கும். “வெயில்ல நீ எதுக்கும்மா அலையணும்” என்பார் சார், நிஜமான கரிசனத்தோடு, அதுதான் எரிச்சல், கரிசனம் இல்லாமல் சொன்னால் திருப்பிச் சொல்லிவிடலாம். மண் படித்தவளை மண்ணில் இறக்காமல் ஹாலில் நடக்கவிட்டால் என்ன அர்த்தம் சார், என்று ஒருநாள் கேட்டும் விட்டாள். “சட்டம் படிச்சிருக்கலாம் நீ,” என்றார் அவர். எல்லாரும் சொல்வதுதான். வீட்டில் அம்மா சொல்வது, இவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாம், ஒரு ஜட்ஜைப் பார்த்தால் போதும். சரி, இருக்கட்டும். இன்றைக்கு இந்த ஹாலில் நடப்பதில் அவளுக்குக் குறையில்லை. இன்றைக்கு அவள் பார்க்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. மூன்றாம் கேள்வி, ஆ பிரிவு.

கேள்வி சாதாரணமானது. மணலுக்குள் ஒரு இரும்புத் தகட்டுச் சுவர் இறக்கியிருக்கிறது. பிள்ளைகளும் கட்டடக்காரர்களும் ஷீட் பைல் என்பார்கள். சுவருக்கு இடப்பக்கம் உயரமாகத் தண்ணீர், வலப்பக்கம் தோண்டிய பள்ளம். தண்ணீர் சும்மா இருக்குமா, சுவரின் அடிநுனிக்குக் கீழே மணல் வழியாகப் புகுந்து மறுபக்கம் மேலேறப் பார்க்கும். அ பிரிவு சாருடையது: அந்தத் தண்ணீர் போகும் பாதைகளையும் அவற்றைச் செங்கோணத்தில் வெட்டும் கோடுகளையும் கையால் வரைந்து, வளைந்த சதுரங்களாலான ஒரு வலை போட வேண்டும். முப்பது வருஷமாக அவர் கரும்பலகையில் வெள்ளைச் சாக்கட்டியால் போடுகிற வலை. போட்டு, அழித்து, மறுபடி போட்டு, சட்டைக் கையெல்லாம் மாவாகி. ஆ பிரிவு அவளுடையது: முதலில் எந்த இடத்தில் தண்ணீரின் தள்ளலில் மணல் கிளம்பும், அந்த இடத்தைக் குறி, காரணம் சொல். இந்த ஒரு வரிக்காக அவரோடு எத்தனை நாள் சண்டை. கடைசியில் அவளே வாயைக் கொடுத்தாள். “சார், இந்த ஆ பிரிவைப் பாதி வகுப்பு சரியா எழுதலேன்னா, புதன்கிழமை கம்ப்யூட்டர் லேபை நீங்களே எடுத்துக்கிடுங்க. மறுபடியும் ட்யூட்டோரியல் ஆக்கிடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.” அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “நீ ஒரு வார்த்தை பேச மாட்டியா? அதுக்காகவே பந்தயம் கட்டலாம்லா,” என்று சிரித்தார். அப்படித்தான் ஆயிற்று. புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். அவள் வாதாடி, எழுதிக் கொடுத்து, பழைய கணினிகளைத் துடைத்து உயிர்ப்பித்து வாங்கிய இரண்டு மணி நேரம், இந்த ஹாலில் பென்சில் முனைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பயமில்லை. பயப்பட என்ன இருக்கிறது, அவர்கள் பார்த்திருக்கிறார்களே. மண்ணைக் கட்டம் கட்டமாக வெட்டுங்கள் என்றாள் முதல் நாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பக்கத்து வீடு. பக்கத்து நாலு பேரும் என்ன சொல்கிறார்களோ அதை விசாரித்து நடுவாக ஒரு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டியது, தண்ணீருக்கு அந்த இடத்தில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்பதற்கான எண். எல்லா வீடும் ஒரு சுற்று விசாரித்து முடித்ததும் மறுபடி விசாரிக்க வேண்டும், ஏனென்றால் இதற்குள் பக்கத்து வீட்டுக்காரன் பேச்சை மாற்றியிருப்பான். “எங்க தெரு மாதிரியே இருக்கு மேம்,” என்றாள் முன்பெஞ்சு ஜெனிட்டா, வகுப்பே சிரித்தது. சுற்றிச் சுற்றி ஒரு கட்டத்தில் யாரும் பேச்சை மாற்றாமல் அடங்குவார்கள். அப்போது எண்களுக்கு நிறம் கொடு. அந்த நிமிஷம் அவளுக்கு மறக்காது. திரையில் எண்கள் துடித்துத் துடித்து, பிறகு மெதுவாக, வெந்நீரில் போட்ட துணி சாயம் விடுகிற மாதிரி, இடப்பக்கத்திலிருந்து சிவப்பு இறங்கியது, சுவர் நுனியைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாய் வளைந்தது, வலப்பக்கம் நீலமாய் விரிந்தது. கடைசி பெஞ்சில் யாரோ விசிலடித்தான். அவள் திட்டவில்லை. மண்ணுக்கு விசில் விழுந்து எத்தனை காலமாயிற்று. சாரிடம் போய்ச் சொன்னாள், சார், விளக்கமே வேண்டாம், படம் தானாகப் பேசுகிறது. அவர் சொன்னார், “கலர் கலராப் படம் காட்டுதியா? காட்டு, காட்டு. தண்ணிக்குக் கலர் கிடையாதும்மா.” அவள் சொன்னாள், தண்ணீருக்கு வெள்ளைக் கோடும் கிடையாது சார். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வாயை மூடி அவளுக்குப் பழக்கமில்லை.

இசக்கிராஜாவின் மேசையைத் தாண்டும்போது நடை தானாகவே தளர்ந்தது. அவன் படம் போட்டிருந்தான், நேர்த்தியாகவே, ஸ்கேல் வைத்து. பென்சில் டப்பாவை உள்ளே வைத்தவன் சும்மா இருக்கவில்லை. மண்ணுக்குள்ளே, நிறம் வர வேண்டிய இடங்களில் எல்லாம், நிறத்தின் பெயரை எழுதியிருந்தான். இடப்பக்கம் முழுக்க ரெட், ரெட், ரெட். சுவர் நுனியில் சின்ன எழுத்தில் யெல்லோ, க்ரீன். வலப்பக்கம் ப்ளூ. உலகம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகுதான் மண்டையோட்டைப் பார்த்தாள். மின்கம்பத்துத் தகட்டில் இருக்குமே, அதே மாதிரி, குறுக்கே இரண்டு எலும்பும் பல்லுமாக, ரசித்து வரைந்திருந்தான். அதற்குக் கீழே, மணல் முதலில் கிளம்பும் இடம் இது. மண்டையோடு இடப்பக்கம் இருந்தது. தண்ணீர் உயரமாக நிற்கிற பக்கம், தண்ணீர் மேலேயிருந்து மணலை அழுத்திக்கொண்டு கீழே போகிற பக்கம், ரெட்டும் ரெட்டும் ரெட்டுமான பக்கம். மணல் அங்கே எப்படியடா கிளம்பும், கிளம்பப் பார்த்தாலும் தண்ணீரே தலையில் குட்டி உட்கார வைக்குமே. காரணம்: இங்குதான் சிவப்பாக இருக்கும், ஆகையால் அபாயம் அதிகம். ஆகையால். அவள் அந்த ‘ஆகையால்’ மேலேயே நின்றாள், செருப்பில் ஆணி ஏறின மாதிரி. அவன் நிமிர்ந்து, தான் சரியாக எழுதியிருக்கிறோமா என்று அவள் முகத்தில் பார்க்க முயன்றான். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒருத்தன். ஒருத்தன் இப்படித்தான் எழுதுவான், எந்த வகுப்பிலும் ஒருத்தன். பின்னால் இருக்கிறவன் தாளைப் பார்த்தாள். நிறப்பெயர் இல்லை, ஆனால் இடப்பக்கம் ஒரு பெரிய வட்டம், அம்புக்குறி, டேஞ்சர். அதற்கு அடுத்தவள், இடப்பக்கம். அடுத்தவன் இன்னும் அந்தக் கேள்விக்கு வரவில்லை, நன்றாயிரு. அடுத்தது இடப்பக்கம். ஒருவன் மட்டும் வலப்பக்கம், அவனுக்கு வலது இடது எப்போதுமே குழப்பம், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஜெனிட்டாவிடம் போனாள். ஜெனிட்டா கட்டங்கள் போட்டு, எண்களே எழுதி, கைக்கணக்காகவே நாலைந்து சுற்று பக்கத்து வீடுகளை விசாரித்திருந்தாள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிய எண்கள் இருக்கிற மூலையில், இடப்பக்கத்து மேல்மூலையில், பென்சிலால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கி எழுதியிருந்தாள்: அதிக மதிப்பு, அதிக ஆபத்து. ஜெனிட்டாவுமா. உலகம்மாள் மெதுவாக நடந்து கரும்பலகைக்கு வந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சாக்கட்டித் தூள் புடவையில் ஒட்டும். ஒட்டட்டும். மின்விசிறி முனகியது. யாரோ ஒருவன் தும்மினான், யாரோ “ஆயுசு நூறு” என்று கிசுகிசுத்தான், அவள் கண்டுகொள்ளவில்லை. யார் சொன்னது இவர்களுக்குச் சிவப்பு என்றால் ஆபத்தென்று? நான் சொல்லவில்லை. ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்ல வேண்டாமே. சிக்னல் சொல்லியிருக்கிறது, கேஸ் சிலிண்டர் சொல்லியிருக்கிறது, பெட்ரோல் டேங்கர் சொல்லியிருக்கிறது, பரீட்சையில் குறைந்த மார்க்குக்கு அடியில் இழுத்த கோடு சொல்லியிருக்கிறது, பிறந்த நாளிலிருந்து உலகம் இவர்களுக்கு அதைத்தான் சொல்லிவந்திருக்கிறது. அந்த வண்ண வரிசையை அவள் தேர்ந்தெடுக்கக் கூட இல்லை. மென்பொருளைத் திறந்தால் அதுவாக வருவது. பெரிய எண்ணுக்குச் சிவப்பு, சின்ன எண்ணுக்கு நீலம், எவனோ எங்கேயோ உட்கார்ந்து வைத்த வரிசை. படம் தானாகப் பேசுகிறது சார். பேசியிருக்கிறது. நன்றாகவே பேசியிருக்கிறது. அவள்தான் அது என்ன பேசுகிறதென்று கேட்கவில்லை.

இன்னும் நேரமிருந்தது. கண்காணிப்பாளர் வாய் திறக்க ஒரே ஒரு வழி உண்டு, அதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள்: கேள்வித்தாளில் ஒரு திருத்தம். வாரத்துக்கு ஒரு தேர்வில் அது நடக்கும். எட்டாம் கேள்வியில் மீட்டர் என்பதைச் சென்டிமீட்டர் என்று படியுங்கள். இரண்டாம் கேள்வியில் ‘அல்லது’ விட்டுப்போயிருக்கிறது. அவள் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, மூன்று ஆ, ‘முதலில் எந்த இடத்தில்’ என்பதைப் ‘பள்ளத்தின் பக்கம் முதலில் எந்த இடத்தில்’ என்று திருத்திப் படியுங்கள், என்று சொன்னால் முடிந்தது. கேள்வி இன்னும் தெளிவாகத்தான் ஆகும். நியாயமாகப் பார்த்தால் அப்படித்தான் கேட்டிருக்கவே வேண்டும். ரப்பர்கள் எல்லாம் கிளம்பும், மண்டையோடுகள் எல்லாம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வரும், பாதி வகுப்பென்ன, முக்கால் வகுப்பு பாஸ். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரிம்மா, ஜெயிச்சுட்டே, என்பார். அவர் தோற்றால் தோற்றேன் என்று சொல்கிற மனுஷர். நாக்கில் அந்த வாக்கியம் முழுசாக வந்து உட்கார்ந்திருந்தது, இலக்கணம் கூடச் சரியாக. பள்ளத்தின் பக்கம். இரண்டே வார்த்தை. இது ஏமாற்று ஆகாது என்று ஒரு உலகம்மாள் வாதாடினாள், அவர்களுக்கு முறை தெரியும், கணக்குத் தெரியும், ஒரு நிறம் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், கை கொடுப்பது ஆசிரியர் கடமை. இன்னொரு உலகம்மாள், அவளும் வாயாடிதான், கேட்டாள்: நாளைக்கு இதில் ஒருத்தன் பள்ளத்துக்குள் நிற்கும்போது யாரடி திருத்தம் வாசிப்பார்கள்?

பள்ளம். அவள் நின்றிருக்கிறாள் அதில். படிப்பின் கடைசி வருஷம், சென்னையில், வேளச்சேரிப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிய இடத்தில் பயிற்சிக்குப் போயிருந்தாள். இவளை இறக்குவார்களா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே போனாள். அங்கே சைட் எஞ்சினியரே ஒரு பெண், ரேவதி அக்கா, தலையில் மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருப்பாள், குரல் மட்டும் கிரேன் உயரத்துக்குக் கேட்கும். சுற்றிலும் இரும்புத் தகட்டுச் சுவர். வெளியே இரண்டு நாள் மழைத் தண்ணீர். உள்ளே தரை, ஈர மணல், கடற்கரை போல அழுந்தியும் அமைதியாகவும். ஒரு மூலையில், சுவரை ஒட்டி, மணலுக்குள்ளிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. கலங்கலே இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதற்கடியில் மணல் துகள்கள் சின்னச் சின்ன வட்டமாக எழும்பி எழும்பி அமர்ந்தன, உலையில் அரிசி முதல் கொதிக்குத் திரும்பிப் படுக்குமே, அப்படி. சத்தமில்லை. நுரையில்லை. அவள் குத்தவைத்து உட்கார்ந்து அதைப் பார்த்தாள். கையை விட்டாள். சில்லென்றிருந்தது. மணல் விரல்களுக்கு நடுவே உயிருள்ள எதுவோ போலக் குறுகுறுத்தது. இவ்வளவு அழகான ஒன்றை அந்தச் சேற்றுக் காட்டில் அவள் பார்த்ததில்லை. மேலேயிருந்து ரேவதி அக்காவின் குரல் வந்தது: “ஏய் தென்காசி! அங்க என்ன அழகு பாக்குற? ஏறு மேல! எல்லாரும் ஏறுங்க, எல்லாத்தையும் போட்டுட்டு ஏறுங்கடா!” ஏணியில் ஏறும்போது கூட எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது அந்த மூலை மெல்ல, யாரோ படுக்கை விரிப்பை நடுவில் பிடித்து இழுக்கிற மாதிரி, உள்ளே போய்க்கொண்டிருந்தது. பம்ப் போயிற்று. இரண்டு மண்வெட்டி போயிற்று. ஆள் யாரும் போகவில்லை. மணல் இப்படி எழும்புவதைக் கட்டடக்காரர்கள் கொதிப்பது என்பார்கள். டீ குடிக்கும்போது ரேவதி அக்கா கேட்டாள், “கொதிக்கிறதுல கைய விட்டியாமே. சுட்டுச்சா?” எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

ஆக, தெரியும். அவளுக்கு அந்த இடம் தெரியும், கை வைத்துத் தெரியும். அதுதான் விஷயமே. திரையில் அந்தப் படம் விரியும்போதெல்லாம் அவள் கண் நேராகச் சுவரின் வலப்பக்கத்து இடுக்குக்குப் போய்விடும். சுவர் நுனியில் இன்னும் பாதித் தெம்பு மிச்சமிருக்கிற தண்ணீர், பச்சை, மேலே தரைக்கு வருவதற்குள் அந்தச் சின்னத் தூரத்தில் அத்தனையையும் செலவழித்தாக வேண்டும், நீலம். அந்தச் செலவை மணல்தான் தாங்க வேண்டும், தாங்க முடியாவிட்டால் எழும்பும். பச்சை எவ்வளவு சீக்கிரம் நீலமாகிறது என்பதில் இருக்கிறது ஆபத்து, எந்த நிறம் என்பதில் இல்லை. இது அவளுக்கு அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்ததால் அந்த நீலம் அவள் கண்ணுக்கு நீலமாகவே படவில்லை. தெரிந்தவளுக்குப் படம் பேசும். தெரியாதவனுக்கு நிறம் மட்டும் பேசும். அப்படியானால் நான் இத்தனை நாள் யாருக்குப் படம் காட்டினேன்? எனக்கா? விசில் விழுந்ததே, அது எதற்கு விழுந்த விசில்? நினைக்க நினைக்க முகம் சுட்டது, ஆனால் ஆச்சரியமாக, உள்ளே ஏதோ ஒன்று அடங்கியும் வந்தது, கட்டங்களெல்லாம் விசாரித்து முடித்துப் பேச்சை நிறுத்துகிற மாதிரி. தூறல் ஜன்னல் கம்பியில் கோத்து நின்றது. சிவப்பை எடுத்துவிட்டால்? சாம்பல் நிறமாகவே போட்டால்? அல்லது எண்ணுக்கு நிறம் கொடுக்காமல், எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அதற்கு நிறம் கொடுத்தால் சுவர் நுனியும் இந்த இடுக்கும் பளீரென்று எரியும், எல்லாரும் சரியாக எழுதுவார்கள். எழுதுவார்கள், எங்கே சிவப்போ அங்கே ஆபத்து என்று, அதே ‘ஆகையால்’ போட்டு. மண்டையோடு இடம் மாறும், தலைக்குள் ஒன்றும் மாறாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் இங்கே சிவப்பு, அதில் அங்கே சிவப்பு, இப்போது சொல் இசக்கிராஜா, எது பொய் சொல்கிறது? என்று கேட்டால்? அவன் தலையைச் சொறிவான். ஜெனிட்டா எழுந்து நிற்பாள். சண்டை வரும். அட, சண்டை வரும்.

அவள் தொண்டையைச் செருமினாள். எழுதிக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. இசக்கிராஜா ரப்பரைக் கையில் எடுத்தே விட்டான், திருத்தத்தின் வாசனை பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும். பள்ளத்தின் பக்கம், என்று சொல்லத் துடித்தது நாக்கு. “எல்லாரும் ரெஜிஸ்டர் நம்பர் எழுதிட்டீங்களா?” என்றாள் உலகம்மாள். “எழுதியாச்சு மேம்,” என்று சலித்த குரல்கள். தலைகள் கவிழ்ந்தன. அவள் மறுபடி நடந்தாள், இந்தத் தடவை அ பிரிவைப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒன்று உறுத்தியது, இரண்டு மூன்று தாள் பார்த்ததும் புரிந்தது. எல்லார் வலையும் ஒரே மாதிரி இருந்தது. வளைந்த சதுரங்கள், கீழே வெகு ஆழம் வரை சரிந்து போய்த் திரும்பி வரும் அழகான கோடுகள், சாரின் கரும்பலகையிலும் கடையில் விற்கிற கைடிலும் இருக்கிற அதே படம், ஒரு வளைவு மாறாமல். ஆனால் இந்தக் கேள்வியில் சுவர் நுனிக்குக் கொஞ்சம் கீழேயே பாறை என்று போட்டிருந்தது. பிள்ளைகள் பாறையையும் வரைந்திருந்தார்கள், கோடு இழுத்து, ‘பாறை, தண்ணீர் புகாது’ என்று எழுதி. அதற்குள்ளேயே தண்ணீரை ஓடவும் விட்டிருந்தார்கள். பாறைக்குள் புகுந்து, உலாத்தி, களைப்பில்லாமல் மேலே வந்தது தண்ணீர். உலகம்மாளுக்கு இப்போது நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது, இருமல் போல மாற்றிக்கொண்டாள். ஒரே தாளில், மேலே சாரின் தோல்வி, கீழே என் தோல்வி. சாக்கட்டியும் தோற்றது, திரையும் தோற்றது. பார்த்ததைப் பார்த்தபடி இறக்கி வைக்கத்தான் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் யார் நல்ல படம் காட்டுகிறார்கள் என்று பந்தயம் வேறு.

மணி அடித்தது. தாள்களை வாங்கி அடுக்கி நூல் கட்டினாள். “மேம், மூணு ஆ, ரெட் பக்கம்தானே மேம்?” என்று இசக்கிராஜா கதவோரம் வந்து நின்றான். “புதன்கிழமை சொல்லுதேன்.” “லேப் உண்டுல்லா மேம்?” அவள் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதையில் சாரல் ஒரு பக்கமாக அடித்தது, கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். சொல்லாமலே இருக்கலாமே என்று ஒரு யோசனை கடைசி முயற்சியாக வந்தது; திருத்தப் போவது நான், தாள் என் கையில், பாதி என்பதற்கு என்ன கணக்கு. அந்த யோசனை அவளோடு மாடிப்படி வரை வந்தது, படியேறத் தெம்பில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. துறைத்தலைவர் அறையில் சங்கரலிங்கம் சார் வழக்கம்போல ஒரு பென்சிலைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா உலகு, எப்படி எழுதியிருக்கு உன் படை?”

“தோத்துட்டேன் சார்,” என்றாள் அவள். இசக்கிராஜாவின் தாளை உருவி மேசை மேல் வைத்தாள். “இவன் மட்டுமில்ல. ஜெனிட்டாவே இப்படித்தான். என் படத்துல எங்க சிவப்போ அங்க ஆபத்துன்னு எழுதியிருக்காங்க. நான் நிறத்தைக் காட்டினேன், அதை எப்படிச் சந்தேகப்படணும்னு காட்டல.”

அவர் மண்டையோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பல்லெல்லாம் நல்லாப் போட்டிருக்கான்,” என்றார். வாய் சிரிக்கவில்லை. அந்தக் கரிசனம் அவர் முகத்தில் வரத் தொடங்குவதைக் கண்டதும் அவளுக்குப் பழைய சூடு வந்துவிட்டது.

“கொஞ்சம் மேல பாருங்க சார். அ பிரிவு. உங்க தண்ணி பாறைக்குள்ள ஓடுது.”

கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அடுத்த தாளை உருவினார். அதற்கடுத்ததை. சீவின பென்சில் முனை அந்தக் கோடுகள் மேலேயே, பாறைக்குள் இறங்கி, திரும்பி, ஏறி வந்தது. “எல்லாமா?” என்றார். “முக்காலே மூணு வீசம் சார்.” அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“அதனால எனக்கு இன்னொரு மணி நேரம் வேணும் சார். ரெண்டு பத்தாது. ரெண்டு மணி நேரம் படம் பாக்க. ஒரு மணி நேரம் படத்தோட சண்டை போட.”

“ஏம்மா, தோத்தவங்க கொடுத்துட்டுல்லா போவாங்க? நீ கூடக் கேக்கே.”

“ரெண்டு பேருந்தானே சார் தோத்திருக்கோம்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். தாள்களைத் தட்டி அடுக்கினார், அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். “மூணாவது மணி நேரமெல்லாம் கிடையாது. ரெண்டு மணி நேரம் இருக்கட்டும்,” என்றார் கடைசியில். “இந்தப் புதன்கிழமை நானும் வாரேன். என் போர்டையும் அங்கன தூக்கி வைக்கச் சொல்லு.”

“படம் பாக்கவா சார்?”

“பின்னே, வாயை மூடிக்கிட்டு உக்காரவா? பாறைக்குள்ள எப்படித் தண்ணி ஓடுதுன்னு அந்தப் பயலுவளக் கேக்கணும். உன்னையும் கேக்கணும். இப்பவே சொல்லு, எங்க கொதிக்கும்?”

அவள் இசக்கிராஜாவின் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். சுவரின் வலப்பக்கம், தரையும் சுவரும் சேரும் அந்த இடுக்கில், ப்ளூ என்று அவன் அழகாக எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். விரல் நுனி சில்லென்றிருந்தது.